துண்டுக்கு அடியில்

நாங்கள் விலையை வாயால் சொல்வதில்லை.
வெள்ளிக்கிழமை, திருமங்கலம் சந்தையில்
கிழக்கு வெளுக்கும் முன்பே
இரண்டு கைகள் ஒரு துண்டுக்குள் போகும்.
ஒரு விரலைப் பிடித்தால் ஆயிரம்.
கணுவைக் கிள்ளினால் அதில் பாதி.
சுற்றி நிற்பவனுக்குத் துணி அசைவது மட்டும் தெரியும்.
பதினேழு வருஷம் தவசியாண்டிக்கு
அந்தத் துணிக்குள் இருந்த கை என்னுடையது.

பிறகு காசிலிங்கம் வந்தான்.
கல்லுப்பட்டிப் பக்கத்துப் பையன்.
பல்லைப் பிடித்துப் பார்க்காமலே ஆட்டுக்கு வயசு சொல்வான்.
ஒரு தை மாதம், சந்தையே பார்க்க,
தன் தோளில் கிடந்த பச்சைக்கரைத் துண்டை
அவன் தோளில் போட்டார் தவசியாண்டி.
"இனிமே எனக்கு இவன்தான் பேசுவான்."
கை தட்டினேன்,
மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாக.

நான் பொய் சொன்னதாக எவனும் சொல்ல முடியாது.
பொய்க்குச் சாட்சி வேண்டும், தேதி வேண்டும்,
நாளைக்கும் அதை ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.
அவ்வளவு பொறுமை எனக்கில்லை.
கேட்டேன், அவ்வளவுதான்.
டீ கிளாஸை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே:
"நேத்து விருதுநகர் யாவாரிகூட
காசி ரொம்ப நேரம் நின்னுக்கிட்டிருந்தானே,
ஒங்ககிட்ட எதும் சொன்னானாண்ணே?"
"ஏன்?"
"இல்ல, சும்மா கேட்டேன்."

சும்மா.
தராசில் வைத்தால் முள் அசையாது.
ராத்திரி ஒருவர் வீட்டில் விட்டுவிட்டு வந்தால்
விடியும்போது கட்டிலின் கால்மாட்டில்
ஆளாக உட்கார்ந்திருக்கும்.

அடுத்த வாரம் ஒரு பேச்சைப் பாதியில் நிறுத்தினேன்.
அதற்கடுத்த வாரம் அவரே கேட்டார்.
நான் காசியைப் புகழ்ந்தேன்.
"தங்கமான பயண்ணே. ஊரு ஆயிரம் பேசும்."
"ஊரு என்ன பேசுது?"
ஒரு கிடாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தேன்.
என் மௌனத்துக்கு அவரே உரை எழுதிக்கொண்டார்.

துண்டு ஒன்றுதான் நானாகச் செய்தது.
கப்பலூர் டோல்கேட்டுக்கு இந்தப் பக்கம்
டீக்கடை பெஞ்சில் அவன் மறந்து வைத்ததை
விருதுநகர்க்காரனின் வண்டியில்
சீட்டுக்குப் பின்னால் செருகினேன்.
"அந்த வண்டியிலயே போயிருங்கண்ணே, சீக்கிரம் போகலாம்."
திரும்பி வந்தவர் கையில் பச்சைக் கரை தெரிந்தது.
கை நடுங்கியது.
தரகனுக்குத் தெரியும், விலை படிகிற நேரம் அது.

புழுக்கை மிதிபடும் சந்தை நடுவில்
"என் நாணயத்த வித்துட்டியேடா" என்றார்.
எங்களுக்குக் காசுக்கும் அதுதான் பெயர்,
மனுஷன் சொல்லுக்கும் அதுதான்.
காசி வாயைத் திறந்தான். மூடினான்.
என்னைப் பார்த்தான்.
"நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே."
தலையைக் குனிந்துகொண்டேன்.
எவ்வளவு வருத்தம் பாரு இந்த மனுஷனுக்கு
என்றார்கள்.

நாலாம் நாள் கண்மாய் மதகு ஓரம்
அவன் செருப்பு இரண்டும்
கோயில் வாசலில் போல ஜோடியாகக் கிடந்தன.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள்
விருதுநகர்க்காரன் கணக்கு நோட்டோடு வந்தான்.
காசி நின்று நின்று பேசியதெல்லாம்
உருப்படிக்கு இருநூறு கூட்டித் தரச்சொல்லி,
தவசியாண்டி பேருக்கு.
அவர் அந்தப் பக்கத்தை விரலால் தடவித் தடவிப் படித்தாராம்.
அன்று இரவு பட்டியைத் திறந்துவிட்டார்.
நால்வழிச் சாலை முழுக்க ஆடு.
பஸ்கள் ஹாரன் அடித்து ஓய்ந்து நின்றன.

யார் சொல்லி நம்புனீங்க, என்று கேட்டிருக்கிறார்கள்.
வெகுநேரம் யோசித்தாராம்.
"யாரும் எதும் சொல்லலியேப்பா" என்றாராம்.

இப்போது சந்தையில் நாணயமான தரகன் என்றால்
என்னைத்தான் கைகாட்டுகிறார்கள்.
பேரையூர்க்காரன் வருகிறான், சாத்தூர்க்காரன் வருகிறான்.
இன்றைக்குப் புதுசாக ஒரு பையன்,
முகத்தை எங்கோ பார்த்திருக்கிறேன்.
துண்டுக்குள் கை விட்டான்.
விரலும் இல்லாமல் கணுவும் இல்லாமல்
மணிக்கட்டுக்கு மேலே, நாடி ஓடுகிற இடத்தைப்
பிடித்துக்கொண்டு நிற்கிறான்.
எத்தனை ஆயிரம் என்று
எனக்குப் பிடிபடவில்லை.